திருப்பும் கருவி: உயர்தரக் கார் வாங்குவார் அறியத்தக்கன

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் வைகாசிப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேர் ஓடும். காண வந்தோர் பெரும்பாலார் கண் மேல்நோக்கியே நிற்கும். சீலைகளும் தோரணங்களும் அங்கே அவரை ஈர்க்கும். ஆயின், மலைபோன்ற அத்தேர் ஒரு வீதியினின்று மற்றொரு வீதிக்கு எங்ஙனம் திரும்புகின்றது என்று அறிய விழைவார் கீழ்நோக்கிக் காண்டல் வேண்டும். ஆண்டுச் சக்கரங்களின் ஓரமாகக் குனிந்து குனிந்து ஓடுவார் சிலர் உளர். அவர் கையில் ஆப்புப்போன்ற மரக்கட்டை இருக்கும். அதனை முட்டுக்கட்டை என்பர். வடம் பிடிப்போர் இழுக்க, இவர் ஒரு பக்கத்துச் சக்கரத்தின் முன்னே கட்டையை இடுவர். அப்பக்கம் தடைப்படும், மறுபக்கம் முந்தும், தேரும் தடைப்பட்ட பக்கமாகச் சிறிது சிறிதாக முகந்திரும்பும். கட்டை ஒரு சாண் தவறின் தேர் வீட்டுச் சுவரை நாடும். கை ஒரு நொடி தாமதிப்பின் கட்டையிட்டவர் உயிருக்கே ஏதம் நேரும்.

திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரமும் ஏறக்குறைய 300 டன் எடையும் உடையது என்பர். அதற்குத் திருச்சி பாரத மிகுமின் நிலையத்தார் இரும்புச் சக்கரங்களும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் அமைத்துத் தந்தனர். நிறுத்துதற்குப் பொறி வந்தது. திருப்புதற்கோ முட்டுக்கட்டை இடுவாரே இன்றும் வேண்டப்படுகின்றனர். காரணம் யாதெனின், தேரின் சக்கரங்கள் அச்சொடு நேராகப் பிணிப்புண்டு நிற்பன. அவை இடமும் வலமும் ஒடியா. நேரே செல்லப் பிறந்த ஒன்றை வளைத்துச் செலுத்துவது எத்துணை அரிது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

இத்தேரோடும் ஊரிலேயே இக்காலத்து உயர்தர மோட்டார்க் கார்களும் ஓடுகின்றன. காஞ்சியை அடுத்த ஏனாத்தூரில் பட்டு வாணிகத்தாலும் பிற தொழிலாலும் கைப்பொருள் ஈட்டிய குடும்பத்தார் சிலர், நெடுஞ்சாலைப் பயணத்தின் பொருட்டுச் செடான் என்னும் நீண்ட உடல் அமைந்த கார்களை வாங்க முற்படுகின்றனர். வாங்குங்கால் நிறத்தையும் ஆசனத்தின் தோலையும் எஞ்சினின் வலிமையையும் பன்முறை ஆராய்வர். ஸ்டீயரிங் என்னும் திருப்பும் கருவியைப் பற்றி வினவுவார் மிகச் சிலரே. விற்போர் தரும் பட்டியலிலோ அக்கருவி பற்றிய பெயர்கள் பல்கிக் கிடக்கின்றன. யாம் தமிழ் பயில்வேம், பொறியியல் பயின்றேமல்லேம். ஆயினும் ஏனாத்தூரில் பொறியியல் பயிலும் நண்பர்களோடு அளவளாவியும், கார்களின் அடியிற் புகுந்து நோக்கியும் அறிந்தவற்றை, எம்மைப்போன்ற பொதுவாசகர்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண், கார் திரும்பும் இயல்பை அறிதல் வேண்டும். வண்டி ஒன்று வலப்புறம் வளையுங்கால் அதன் நான்கு சக்கரங்களும் நான்கு வட்டங்களை வரைகின்றன. வலப்பக்கத்து முன்சக்கரம் வரைவது சிறு வட்டம். இடப்பக்கத்து முன்சக்கரம் வரைவது பெரு வட்டம். ஆகலின் இரு முன்சக்கரங்களும் ஒரே அளவு ஒடிதல் தகாது. உட்பக்கத்தது மிகுதியாகவும் வெளிப்பக்கத்தது சற்றுக் குறைவாகவும் ஒடிதல் வேண்டும். இன்றேல் ஒரு சக்கரம் உருளாது தேய்ந்து இழுபடும். இந்நுட்பத்தைக் குதிரை வண்டிக்கென 1817 ஆம் ஆண்டையொட்டி அமைத்தவர் ஜெர்மனியில் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் கியார்க் லாங்கன்ஸ்பெர்கர் என்பார். 1818 இல் இலண்டனில் அவர்பொருட்டுக் காப்புரிமை பெற்றவர் ருடால்ப் ஆக்கர்மன். செய்தவர் பெயர் மறைந்தது. எழுதி வாங்கியவர் பெயரே நின்றது. இன்றும் பொறியியலார் இவ்வமைப்பை ஆக்கர்மன் முறை என்றே வழங்குவர்.

தொடக்ககாலத்து மோட்டார் வண்டிகளை, படகின் சுக்கானைப் போன்ற ஒரு கோலைப் பிடித்துத் திருப்பினர். 1894 இல் பாரிசிலிருந்து ரூவான் நகர்வரை நடந்த மோட்டார் ஓட்டத்தில் ஆல்பிரட் வஷரோன் என்பார் தம் பனார் வண்டியிற் கோலை நீக்கி வட்டச் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். கோலினும் சக்கரம் சிறந்ததென உலகம் விரைவிற் கண்டுகொண்டது. கையிலுள்ள வட்டத்தைப் பலமுறை சுழற்றித் தரையிலுள்ள சக்கரத்தைச் சிறிதளவு ஒடித்தல் கூடுமாதலின், சிறு வலிமை பெரு வேலை செய்தது. இக்காலத்துக் கார்களிற் பெரும்பாலும் கைச்சக்கரத்தை ஏறக்குறைய 15 பாகை திருப்பினால் தரைச்சக்கரம் 1 பாகை ஒடியும். இதனை ஸ்டீயரிங் விகிதம் என்பர். கைச்சக்கரத்தின் தண்டு கீழே சென்று ஒரு சிறு பற்சக்கரத்திற் சேரும். அப்பற்சக்கரம் குறுக்கே கிடக்கும் பற்சட்டத்தை இடமும் வலமும் நகர்த்தும். சட்டத்தின் இரு முனைகளும் இரு சக்கரங்களைத் தள்ளியும் இழுத்தும் ஒடிக்கும். மெக்கானிக்குகள் பற்சக்கரத்தைப் பினியன் என்றும் பற்சட்டத்தை ராக் என்றும் கூறுவர். எத்துணை விலையுயர்ந்த காராயினும் அடிப்படை இதுவே; மற்றவையெல்லாம் இதன்மேல் ஏற்றிய துணைகளே.

இத்தொழில் எமக்குச் சேய்மைத்தன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து வாரணவாசியில் ரானே நிறுவனத்தாரின் ஸ்டீயரிங் தொழிற்சாலை உளது. அந்நிறுவனம் 1929 இல் சென்னையில் வாணிகமாகத் தொடங்கப்பெற்றது. உயர்தரக் கார்களை இணைத்து ஆக்கும் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஆலை 2007 இல் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அணித்தே தொடங்கியபோது அவ்விடமும் காஞ்சிபுரம் மாவட்டத்தினுள்ளேயே இருந்தது. 2019 இற்றான் அது செங்கற்பட்டு மாவட்டத்திற் சேர்ந்தது. ஆகவே கைத்தறிக்குப் பேர்பெற்ற இந்நாடு காரின் கைச்சக்கரத்தோடும் தொடர்பற்றதன்று.

இனி, துணை ஏன் வேண்டியதாயிற்று எனில், எடையினாலே என்க. உயர்தரச் செடான் ஒன்று 1,700 முதல் 2,200 கிலோ வரை நிறையுடையது. அதில் ஏறக்குறையப் பாதி முன்சக்கரங்களின்மேல் அழுந்தும். டயர்களும் அகன்றவை. நின்ற நிலையில் அவற்றை ஒடிப்பது மல்லர்க்கும் எளிதன்று. அமெரிக்கராகிய பிரான்சிஸ் டேவிஸ் என்பார் எண்ணெய் அழுத்தத்தைத் துணைக்கொண்டு ஸ்டீயரிங்கை எளிதாக்கும் பொறியை 1920-களிலேயே செய்து ஓட்டிக் காட்டினார். ஆயினும் 1951 இற்றான் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில் அது பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. பவர் ஸ்டீயரிங் என்று நாம் வழங்குவது இதுவே.

எண்ணெய் வகையின் இயக்கம் வருமாறு: கைச்சக்கரத் தண்டின் அடியில் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி உளது. கை திருப்புங்கால் அக்கம்பி சிறிது முறுகும். முறுகிய அளவிற்கேற்ப ஒரு வால்வு திறக்கும். எஞ்சினின் பெல்ட்டால் ஓடும் பம்பு, எண்ணெயைப் பற்சட்டத்தின் ஒரு பக்கத்தில் அழுத்திச் செலுத்தும். அவ்வழுத்தம் கைக்குத் துணையாகச் சட்டத்தைத் தள்ளும். இவ்வகையின் சிறப்பு, தரையின் இயல்பு கைக்கு நன்கு புலனாதல். குறையோ, காரை நேரே ஓட்டும்போதும் பம்பு சுழன்றுகொண்டே இருந்து எரிபொருளை உண்ணுதலும், குழாய் வெடித்து எண்ணெய் ஒழுகுதலும் ஆம். எஞ்சினை நம்பாது மின் மோட்டாரால் அப்பம்பை ஓட்டும் இடைப்பட்ட வகையும் ஒன்றுண்டு. பழைய உயர்தரக் கார்களை இரண்டாங்கையாக வாங்குவார் இவ்விரண்டனையும் எதிர்ப்படுவர்.

புதுக் கார் வாங்குவாரோ பெரும்பாலும் மின்சார வகையையே காண்பர். 1988 இல் ஜப்பானில் சுசுகி நிறுவனத்தின் செர்வோ என்னும் சிறு காரில் முதன்முதல் அமைந்த இவ்வகை, இன்று சிறு காரையும் பெருங் காரையும் ஒருங்கே ஆள்கின்றது. இதிலும் முறுக்குக் கம்பி உண்டு. ஆயின் வால்வு இல்லை. கம்பி எத்துணை முறுகியது என்பதை ஒரு சென்சார் அளந்து சொல்ல, சிறு கணினி ஒன்று கணக்கிட்டு, மின் மோட்டாரைக் கொண்டு வேண்டிய அளவு தள்ளுவிக்கும். திருப்பாதபோது மோட்டாருக்கு வேலை ஏறக்குறைய இல்லை. ஆதலின் எரிபொருள் மிஞ்சும். சிறு கார்களில் இம்மோட்டார் கைச்சக்கரத் தண்டின் மேலேயே அமர்ந்திருக்கும். எடை மிக்க உயர்தரக் கார்களிலோ கீழே பற்சட்டத்தின்மேல் அமைந்து, அச்சட்டத்தையே நேராகத் தள்ளும். வாங்குவார் கேட்கத்தக்க முதல் வினா இதுவே: மோட்டார் தண்டில் உளதா, சட்டத்தில் உளதா? சட்டத்தில் அமைந்தது பெரும் எடைக்கு ஏற்றது. இடையே உராய்வும் நெகிழ்வும் குறைவாதலின் கைக்கும் தெளிவு தரும்.

ஒருவர் வினவலாம்: மின்சாரம் நின்றுவிடின் கார் என்னாகும்? இவ்வகைக் கார்களிற் கைச்சக்கரமும் தரைச்சக்கரமும் இரும்பினால் இணைந்தே உள்ளன. மோட்டார் ஓய்ந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், கைச்சக்கரம் கனக்கும், ஆயினும் வலிந்து திருப்பின் கார் திரும்பும். கனத்தால் அஞ்சிக் கையை விடுவதே பெருங்கேடு. எண்ணெய் வகைக் காரில் எஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கத்தில் ஓட்டுவார்க்கும் இஃதே நேரும். அவர் சாவியையும் எடுத்துவிடின் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். சிக்கனம் கருதிச் செய்யும் அச்செயல் உயிருக்கு உலையாகும்.

நிற்க. பட்டியலில் மிகுதியான விலை குறித்து வரும் சிறப்பமைப்புகளை இனிக் காண்போம். முதலாவது, வேகத்திற்கேற்பத் துணையை மாற்றுவது. கார் நிற்கும்போதும் ஊரும்போதும் கைச்சக்கரம் பஞ்சுபோல் இலேசாகும். நெடுஞ்சாலையில் விரைந்தோடும்போது கனம் பெற்று அலையாது நிற்கும். இஃது இன்றியமையாதது, நற்பேறாக இக்காலத்து உயர்தரக் கார்களில் தனி விலையின்றியே அமைந்திருக்கின்றது. இதனை யொட்டியே கம்பர்ட் என்றும் ஸ்போர்ட் என்றும் பொத்தான்கள் வைக்கின்றனர். ஸ்போர்ட் பொத்தானை அழுத்தியவுடன் கைச்சக்கரம் கனப்பதைக் கண்டு கார் கூர்மை பெற்றதென மயங்குவார் பலர். பெரும்பாலான கார்களில் அப்பொத்தான் துணையைக் குறைக்கின்றதேயன்றி விகிதத்தை மாற்றுவதன்று. கனம் கூட்டுவது வேறு. தெளிவு கூட்டுவது வேறு.

இரண்டாவது, விகிதத்தையே மாற்றுவது. இஃது இருவகைத்து. ஒருவகையில் பற்சட்டத்தின் நடுவில் பற்கள் ஒருவாறாகவும் ஓரங்களில் வேறொருவாறாகவும் வெட்டப்பட்டிருக்கும். நேரே செல்லுங்கால் கை சிறிது அசைந்தாலும் கார் துள்ளாது. மிகுதியாக ஒடிக்குங்கால் விரைந்து திரும்பும். இஃது உலோகத்திற் பதிந்த அமைப்பாதலின் கெடுவதற்கு ஒன்றுமில்லை. மற்றொரு வகையில் தண்டின் இடையே ஒரு பற்சக்கரக் கூட்டமும் மோட்டாரும் இருந்து, ஓட்டுநர் திருப்பிய கோணத்தோடு தாமும் சிறிது கூட்டும் அல்லது குறைக்கும். பி.எம்.டபிள்யூ நிறுவனத்தார் 2003 இல் தம் ஐந்தாம் வரிசைக் காரில் இதனை வெளியிட்டனர். ஊர்க்குள் கை மாற்றிப் பிடியாமலே திருப்ப இஃது உதவும். ஆயின் பழகிய கைக்கு முதலில் ஐயம் தரும். பழுதுற்றாற் செப்பஞ்செய்வதும் எளிதன்று.

மூன்றாவது, பின்சக்கரங்களையும் திருப்புவது. மெல்லச் செல்லுங்கால் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு எதிர்ப்புறமாக ஒடியும். அப்போது நீண்ட கார் குறுகிய கார்போல வளையும். விரைந்து செல்லுங்கால் இரண்டும் ஒரே பக்கமாகச் சிறிதளவே ஒடியும். அப்போது காரின் வால் அலையாது தடம் மாறும். 1987 இல் ஹோண்டா நிறுவனத்தின் பிரெலூட் காரில் இஃது உலோகத் தண்டாலேயே இயங்கியது. இன்று மின் மோட்டாரால் இயங்குகின்றது. இதில் வாங்குவார் கேட்கவேண்டியது, பின்சக்கரம் எத்தனை பாகை ஒடியும் என்பதே. 2020 இல் வெளிவந்த மெர்சிடீஸ் எஸ் வகுப்புக் காரில் 10 பாகை வரை ஒடியும் அமைப்பைத் தெரிந்துகொள்ளின் திருப்ப வட்டம் ஏறக்குறைய 2 மீட்டர் குறைந்து, அத்துணை நெடிய கார் 11 மீட்டருக்கு உட்பட்ட வட்டத்தில் வளையும். அதே நிறுவனத்தார் 2021 இல் வெளியிட்ட சி வகுப்பிலோ அது 2.5 பாகையே ஒடியும். குறைவது ஏறக்குறைய 40 செண்டிமீட்டர். இரண்டிற்கும் பட்டியலில் பெயர் ஒன்றே, பயன் ஒன்றன்று.

இங்குப் பழைய உண்மை ஒன்றை நினைவு கூர்தல் நலம். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் 1961 முதற் சில ஆண்டுகள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் கார் ஆக்கப்பெற்றது. அதற்கு எண்ணெய்த் துணையும் இல்லை, மின்துணையும் இல்லை. ஆயினும் 25 அடி, அஃதாவது ஏறக்குறைய 7.6 மீட்டர் வட்டத்தில் அது திரும்பிவிடும். முன்சக்கரங்கள் பெரிதும் ஒடியுமாறு அதன் முன்பகுதி அமைந்தமையே காரணம். கைச்சக்கரம் இலேசாதலும் கார் சிறு வட்டத்தில் வளைதலும் வெவ்வேறு குணங்கள் என்பது இதனாற் பெறப்படும். ஒரு விரலாற் சுழற்றத்தக்க ஸ்டீயரிங் உடைய காரும் மூன்று முறை முன்னும் பின்னும் சென்றே தெருவில் திரும்புதல் உண்டு.

நான்காவது, தடம் காக்கும் அமைப்பு. கண்ணாடியின் மேலுள்ள காமிரா சாலையிலிட்ட கோடுகளைக் காணும். கார் கோட்டைக் கடக்கப் புகின் ஸ்டீயரிங் மோட்டார் தானே மெல்லத் திருப்பும். கோடு தெளிவாக உள்ள நெடுஞ்சாலையில் இது துணை. கோடு அழிந்த இடத்தில் இது குருடு. மாட்டு வண்டிக்கு வழிவிட விலகுங்கால் எதிர்த்துத் தள்ளவும் கூடும். ஆகலின் இதனைத் தோழனாகக் கொள்ளலாமேயன்றிச் சாரதியாகக் கொள்ளல் ஆகாது. ஐந்தாவது, கைச்சக்கரத்திற்கும் தரைச்சக்கரத்திற்கும் உலோகத் தொடர்பே இன்றி மின்கம்பி வழியே செய்தி அனுப்பும் முறை. 2013 இல் இன்பினிட்டி நிறுவனம் கியூ 50 என்னும் செடானில் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தபோது, மின்முறை தவறின் பழைய தண்டையே இணைத்துக்கொள்ளும் கிளட்ச் ஒன்றையும் உடன் வைத்தது. புதுமையின் பின்னே பழைமையைக் காவல் நிறுத்திய அவ்வெச்சரிக்கை பாராட்டற்குரியது.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, இவற்றை எக்கோல் கொண்டு அளப்பது? ஏனாத்தூர்ப் பெரியவர் ஒருவர் செய்தியை ஈண்டுக் கூறுதும். இளமையில் தறியில் நெய்து, பின்னர்ப் பட்டு வாணிகராகி, அறுபதைக் கடந்தவர். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளுக்குத் தாமே சென்று சேலைகளை வாங்கி வருவதும், திங்களில் சிலமுறை சென்னைக்குச் செல்வதும் அவர் வழக்கம். பல்லாண்டு நாடா ஓட்டிய வலத்தோள் இப்போது நோகின்றது. பழைய காரைத் தெருமுனையில் திருப்புங்கால் பல்லைக் கடித்துக்கொள்வார். காரை விட்டுவிடுமாறு மருத்துவர் கூறினார். விட்டால் தொழிலையும் விட்டதாகுமே என்று அவர் கவன்றார். எம்மை அழைத்துப் பட்டியலைக் காட்டி, "தம்பி, கடைக்காரர் இருபது பெயர் சொல்லுகிறார். எனக்கு எது வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை" என்றார்.

"ஐயா, முதலில் உங்கள் சாலையைச் சொல்லுங்கள், பிறகு கையைச் சொல்லுங்கள்" என்றேம். அவர் சாலை இரண்டு: நெசவாளர் சந்து ஒன்று, பெங்களூர் நெடுஞ்சாலை மற்றொன்று. அவர் மகனார் விருப்பமோ விகிதம் மாற்றும் ஸ்போர்ட் அமைப்பின்மேலும், பின்சக்கரம் திரும்பும் நெடிய காரின்மேலும் சென்றது. விற்பனையாளர் இரண்டு கார்களை வீட்டுக்கே கொணர்ந்து ஓட்டிப் பார்க்கத் தந்தனர். நெடிய கார் சந்து முனையில் வியக்கத்தக்கவாறு வளைந்தது. ஆயின் வளைந்து உட்புகுந்தபின் இருமருங்கும் திண்ணைகள் நெருங்கின. பின்சக்கரம் ஒடிவதால் வட்டம் குறையுமேயன்றிக் காரின் அகலம் குறையாதன்றோ! மற்றொன்று அதனிற் குறுகிய செடான், பின்சக்கரம் திரும்பாது, சட்டத்தில் மோட்டார் அமைந்தது, ஏறக்குறைய 11 மீட்டர் வட்டத்தில் வளைவது. அதனைச் சந்திலும் ஓட்டினார், நெடுஞ்சாலையிலும் ஓட்டினார்.

திரும்பி வந்து இறங்கியவர் ஒரு சொல் கூறினார்: "தோள் நோகவில்லை, ஆனால் கீழே மணல் கிடந்த இடம் கைக்குத் தெரிந்தது." இச்சொல் எமக்கு நெடிய பாடமாயிற்று. சாலையில் மணலோ நீரோ கிடந்து டயரின் பிடி தளரும்போது, தரைச்சக்கரத்தைத் திரும்ப நேராக்க முயலும் விசை குறையும். கைச்சக்கரம் சட்டென இலேசாகும். கண் காணுமுன் கை பெறும் எச்சரிக்கை அதுவே. தறியில் அமர்ந்தவர் பாவின் இறுக்கத்தைப் பார்த்தறிவதினும் தொட்டறிவதே மிகுதி. அங்ஙனம் தொட்டறியப் பழகிய கைக்கு, சுமையை நீக்கி அறிவை நீக்காத கருவியே நற்கருவி. சுமையோடு அறிவையும் நீக்கிவிடும் ஸ்டீயரிங் எத்துணை மெத்தென்றிருப்பினும் அது கண்கட்டிய தேர்ப்பாகனை ஒக்கும். பெரியவர் குறுகிய செடானையே வாங்கினார். சிறப்பமைப்பு ஒன்றையும் சேர்த்திலர். மிஞ்சிய பொருளைக் கொண்டு தறிக்கூடத்தின் ஒழுகும் கூரையை மாற்றினார்.

அவர் தெரிவு எல்லார்க்கும் பொருந்தும் என்பதன்று எம் கருத்து. நெடிய காரே வேண்டுவார்க்கும், அகன்ற வாயிலும் குறுகிய முற்றமும் உடையார்க்கும் பின்சக்கரத் திருப்பம் பேருதவியாம். மலைச்சாலையில் அடிக்கடி செல்வார்க்கு விகிதம் மாறும் பற்சட்டம் நன்மை தரும். ஆகலின் யாவரும் தாமே ஓட்டிப் பார்த்துத் தேர்தற்கு உரிய சோதனைகளைக் கூறுவாம்.

முதலாவது, எஞ்சினை இயக்கிக் காரை நிறுத்திய நிலையிலேயே கைச்சக்கரத்தை இருபுறமும் முழுதும் ஒடித்துப் பார்க்க. சுற்று எத்தனை, கனம் எத்துணை, இடையில் தடங்கலோ ஓசையோ உண்டோ என்று நோக்குக. முழுதும் ஒடித்த நிலையில் நெடுநேரம் அழுத்திப் பிடித்தல் பம்பிற்கும் மோட்டாருக்கும் கேடு. இரண்டாவது, தாம் நாளும் செல்லும் தெருவில் ஒரே முறையில் திரும்ப முடிகின்றதா என்று காண்க. பட்டியலில் உள்ள மீட்டர்க் கணக்கினும் வீட்டு வாயில் மெய்யான அளவுகோல். மூன்றாவது, திருப்பம் முடிந்து பிடியைத் தளர்த்துங்கால் கைச்சக்கரம் தானே நேர்நிலைக்கு மீள்கின்றதா என்று நோக்குக. மீளாது சோம்பி நிற்பின் நெடும்பயணத்தில் கை அயரும். நான்காவது, வெறுமையான நெடுஞ்சாலையில் நேரே செல்லுங்கால் ஓயாது சிறுசிறு திருத்தம் வேண்டியிருக்கின்றதா என்று அறிக. ஐந்தாவது, மேடுபள்ளத்தில் ஓட்டி, அதிர்ச்சி முழுதும் கைக்கு ஏறுகின்றதா, அன்றி ஒன்றுமே தெரியாது மரத்துப் போகின்றதா என்று தேர்க. இரண்டிற்கும் இடைப்பட்டதே நன்று.

விற்போரிடம் கேட்கத்தக்கவையும் சில உள. வேண்டிய சிறப்பமைப்புத் தனியே கிடைக்குமா, அன்றிப் பெரிய சக்கரமும் அகன்ற டயரும் சேர்ந்த தொகுதியாகத்தான் வருமா? தொகுதியாயின் டயர் மாற்றும் செலவையும் கணக்கிற் கொள்க. பின்சக்கரம் திரும்பும் காருக்கு நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மெண்ட் பார்க்கும் கருவி அணிமையில் உளதா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு, ஸ்டீயரிங் மோட்டாரும் கணினியும் அதனுள் அடங்குமா? பழுதுற்றால் ஓர் உறுப்பை மட்டும் மாற்றுவரா, முழுப் பற்சட்டத்தையும் மாற்றுவரா? இவ்வினாக்களுக்கு விடை எழுத்திற் பெறுதல் சாலச் சிறந்தது. வாங்கியபின்னும் டயரின் காற்றைத் திங்கள்தோறும் பார்த்தல் வேண்டும். காற்றுக் குறைந்த டயர் விலையுயர்ந்த ஸ்டீயரிங்கையும் மந்தமாக்கும்.

அன்பர்காள், காரை வாங்குவார் தம் வசதியையே எண்ணி வாங்குகின்றனர், அஃது இயல்பே. ஆயின் திருப்பும் கருவி ஓட்டுவார்க்கு மட்டும் உரியதன்று. தேரின் முட்டுக்கட்டை வடம்பிடிப்போரையும் வீதியோரத்து நிற்போரையும் காப்பதுபோலக் காரின் ஸ்டீயரிங்கும் சந்தில் விளையாடும் சிறாரையும், பாவு தோய்ந்த நூலைத் தெருவில் நீட்டி நிற்கும் நெசவாளரையும், சைக்கிளில் விரையும் மாணவரையும் காப்பதற்கே அமைந்தது. அவர்கள் அப்பட்டியலைக் கண்டவரல்லர். அதன் விலையைப் பேசியவரல்லர். ஆயினும் அத்தெரிவின் பயனையோ கேட்டையோ முதலில் நுகர்வார் அவரே. ஆதலின் பெயரைக் கண்டு வாங்காது, சாலையையும் கையையும் அளந்து வாங்குதல் அறிவுடையார் கடன் என்க.